நாற்பது விநாடி

சென்ற பொங்கல் விழாவில், பிஸ்கட்டவேயில் ஒரு பள்ளி அரங்கத்தில், சாப்பாடு முடிந்து விளக்குகளைக் குறைத்துவிட்டு டிஜேயை அழைத்தார்கள். நான் கையில் காபிக் கோப்பையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். 'இளமை இதோ இதோ' தொடங்கியது. அரங்கம் ஓவென்று கத்தியது. பல்லவி முடிவதற்குள் அது அறுந்து 'ராக்கம்மா கையைத் தட்டு' வந்தது. மறுபடி ஓவென்று கத்தல். சரணத்துக்குப் போகாமலே 'முக்காலா'. அதற்குள் இன்னொன்று. எனக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி, தொழிலால் வந்தது. செல்போனை எடுத்து நேரம் பார்த்தேன். ஒரு பாட்டுக்குச் சராசரியாக நாற்பது விநாடி. ஒன்றுக்குக்கூட இடையிசை வரை ஆயுள் இல்லை.

என் மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஆடப் பிடிக்கும் பெண். அன்று ஆடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னாள்: "அப்பா, அங்க யாருமே பாட்டு கேக்கலப்பா. என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கறாங்க. கண்டுபிடிச்சதும் கத்தறாங்க. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. நான் அந்தக் கத்தலில் ஒருவன். 'ராக்கம்மா'வுக்குக் கையைத் தூக்கியவன். ஆனால் ஸ்டெல்டன் ரோடு சிக்னலில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தோடு நான் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை.

அவளுடைய கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் ரட்கர்ஸில் படித்தாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வளாகங்களில் அல்ல, நியூவார்க் வளாகத்தில். அது எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போரை மூட்டியது. நான் 1998இல் இங்கே வந்து இறங்கிய முதல் மாதத்தில் எனக்கு அறிவுரையாகச் சொல்லப்பட்டவை மூன்று: வங்கிக் கணக்கு திற, ஓட்டுநர் உரிமம் எடு, நியூவார்க் பக்கம் போகாதே. எங்களுக்கு நியூவார்க் என்றால் விமான நிலையம். அம்மா அப்பாவை அழைத்து வர, அனுப்பி வைக்க. அதைத் தாண்டி உள்ளே போனால் சுட்டுவிடுவார்கள். அந்த அச்சம் எங்கள் அனுபவத்தில் விளைந்ததும் இல்லை. 1967 ஜூலையில் அங்கே நடந்த கிளர்ச்சியில் 26 பேர் செத்தார்கள். வெள்ளைக்காரர்கள் புறநகருக்கு ஓடினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பயத்தை முப்பது வருடம் கழித்து வந்த நாங்கள், வாடகை வீட்டில் கிடந்த பழைய நாற்காலியைப் போல அப்படியே எடுத்து உட்கார்ந்துகொண்டோம். ஆட்களைப் பார்க்காமலே பயப்படக் கற்றுக்கொண்டோம். ஊரில் சேரிப் பக்கம் போகாதே என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது சுலபமாகவே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நியூவார்க்கின் பிராட் ஸ்ட்ரீட்டில், லிங்கன் மோட்டல் என்ற விடுதிக்குள், 1979இல் ஸான்ஸிபார் என்ற கிளப் திறக்கப்பட்டது. ஒலி அமைப்பைச் செய்தவர் ரிச்சர்ட் லாங். மன்ஹாட்டனில் பாரடைஸ் கராஜுக்கு அமைத்துக் கொடுத்த அதே மனிதர். 1982 முதல் அங்கே டோனி ஹம்ப்ரீஸ் வாரந்தோறும் வாசித்தார். வாசித்தார் என்றே எழுதுகிறேன், வேறு சொல் பொருந்தவில்லை. அதே காலத்தில் நியூயார்க்கின் கிஸ் எஃப்எம் வானொலியிலும் அவருடைய கலவை ஒலித்தது. ஹவுஸ் என்ற பெயர் சிகாகோவில், ஃப்ராங்கி நக்கில்ஸ் வாசித்த வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்து வந்தது என்பார்கள். கறுப்பர்களும் லத்தீனோக்களும், அவர்களிலும் பெரும்பாலும் தன்பால் விருப்பினர், வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள், சேர்ந்து ஆடிய இடங்கள் வேர்ஹவுஸும் பாரடைஸ் கராஜும். நியூ ஜெர்சியில் அந்த இசைக்குள் இன்னொன்று வந்து கலந்தது: தேவாலயம். பேட்டர்ஸனின் அடீவா தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். இயந்திர முரசுக்கு மேலே ஞாயிற்றுக்கிழமை ஆர்கனும் பியானோவும் ஏறி உட்கார்ந்தன. இதற்கு ஜெர்ஸி சவுண்ட் என்று பெயரே உண்டு. ஈஸ்ட் ஆரஞ்சில் ஏபிகெயில் ஆடம்ஸ் நடத்திய மூவின் ரெக்கார்ட்ஸ், சக்கரக் காலணி விற்ற கடையாகத் தொடங்கி இசைத்தட்டுக் கடையாகி, பிறகு இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமாகவும் ஆனது. இவையெல்லாம் என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்துக்குள். இன்று லிங்கன் மோட்டல் இல்லை, இடித்துவிட்டார்கள்.

நான் இதையெல்லாம் மகளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருடம் அந்த ஊர்ப் பெயர்ப் பலகையை நெடுஞ்சாலையில் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். காரில் ஓடியது இளையராஜா.

அவள் எனக்குக் கொடுத்த முதல் பாட்டு ஆலி-அஸ் குழுவின் 'ஃபாலோ மீ', 1992. நியூ ஜெர்சிப் பையன்கள். முதல் இரண்டு நிமிடம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். "தொடங்கியாச்சுப்பா" என்றாள். நாலு அடிக்கு நாலும் ஒரே மாதிரி விழும் முரசு, மேலே ஓர் ஆர்கன், பிறகு இன, நிற வெறி இல்லாத ஓர் இடத்துக்கு வா என்று கூப்பிடும் குரல். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கும் போய்ச் சேருவதில்லை. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று மாடிப்படி ஏறிப் பழகிய என் காதுக்கு, இது ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் திண்ணையாகத் தெரிந்தது. ஏற வழியில்லை. உட்காரத்தான் முடியும்.

உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கும்பகோணத்துப் பக்கம். சாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, நாகஸ்வரக்காரர் தெருமுனையில் நின்று ராகத்தைத் தொடங்கினால் சாமியும் நிற்கும், தூக்குகிறவர்களும் நிற்பார்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நாங்களும் நிற்போம். ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'எப்போது பாட்டு வரும்' என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இருட்டு, கூட்டம், வியர்வை, நின்ற இடத்திலேயே அசையும் உடம்பு, தவில். டோனி ஹம்ப்ரீஸின் இரவைப் பற்றிப் போனவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு என்ற பொருளே அதற்காகப் பிறந்தது: மூன்று நிமிடப் பாட்டை ஏழு, எட்டு நிமிடமாக நீட்டி, முன்னும் பின்னும் வெறும் முரசை விட்டு, ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் அவசரமில்லாமல் நுழைய வாசல் வைத்துக் கொடுப்பது.

அதற்காக எல்லாவற்றையும் நான் ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நூற்றில் அறுபது எனக்கு இன்னமும் சலவை இயந்திரம்தான். ஆனால் ஈஸ்ட் ஆரஞ்சின் கெரி சாண்ட்லர் தானே பாடிய 'ரெயின்' (1998) இருக்கிறதே, அதை ஒரு நவம்பர் மாலையில் பார்க்வேயில் மழைக்கிடையே கேட்டேன். பாட்டில் பெரும்பகுதி காலி. கீழே ஒரு தடித்த பேஸ், பயிற்சியில்லாத அந்தத் தொழில்நுட்பக்காரரின் குரல், பிரிவு. இசைக் கலைஞன் எதைச் சேர்க்காமல் விட்டான் என்பதைக் கேட்க அந்தப் பாட்டுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

ஹிப் ஹாப்பிலும் இதே கதை வேறு வழியில். 1973 ஆகஸ்டில் பிராங்ஸில் கூல் ஹெர்க் என்ன செய்தார்? பாட்டின் நடுவே சில விநாடிகள் மட்டும் வரும் முரசுத் துண்டை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, நிமிடக்கணக்கில் நீட்டினார். எங்கள் விழா டிஜே ஐந்து நிமிடப் பாட்டை நாற்பது விநாடியாக்குகிறார். ஹெர்க் சில விநாடிகளை ஐந்து நிமிடமாக்கினார். இரண்டு பேரும் பாட்டை வெட்டுகிறவர்கள்தான். ஒருவர் மிச்சத்தை எறிகிறார், ஒருவர் வெட்டிய துண்டுக்குள் குடியேறுகிறார்.

முதல் பெரிய ராப் வெற்றி எங்கள் மாநிலத்துச் சரக்கு. எங்கல்வுட்டில் சில்வியா ராபின்ஸன் நடத்திய ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் 1979இல் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்'. நீண்ட வடிவம் பதினான்கு நிமிடத்துக்கு மேல். அடியில் ஓடுவது ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்', ஸ்டூடியோவில் ஆட்களை வைத்துத் திரும்ப வாசித்தது. முதலில் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயர் போடவில்லை. அவர்கள் சண்டை போட்ட பிறகு போட்டார்கள். அதில் பிக் பேங்க் ஹேங்க் சொல்லும் வரிகளோ கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்ஸ் கவிஞருடையவை. அவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஆக, பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வது இந்தக் கலையோடு கூடவே பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் பாட்டுகளுக்கு வருகிறேன். நம் பாட்டை அவர்கள் எடுத்தபோது நாம் என்ன செய்தோம்?

கத்தினோம். பிளாக் ஐட் பீஸின் 2003ஆம் ஆண்டு 'எலிஃபங்க்' தொகுப்பில் 'தி எலிஃபங்க் தீம்' என்று ஒரு பாட்டு. அதற்குள் ஓடுவது 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்'. ரஜினியின் நூறாவது படம், 1985, ஒரு மகானின் கதை. மகானின் கதைக்குள் ராஜா ஒளித்து வைத்த அந்த ஆட்டச் சரக்கு லாஸ் ஏஞ்சலீஸ் வரை போய்விட்டது. அலுவலகத்தில் எனக்கு அதைப் போட்டுக் காட்டிய நண்பர் "கேட்டீங்களா, நம்ம ராஜா!" என்றார். நானும் "ஆமாம், நம்ம ராஜா!" என்றேன். அதோடு நிறுத்திவிட்டோம். பாட்டாக அது எப்படி என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது திரும்பக் கேட்கையில், அது ஒரு சுற்றுலாப் பயணியின் பை. மினுக்குகிற துணி ஒன்று கிடைத்தது, வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ராஜாவின் பாட்டிலேயே அதைவிட அதிகம் நடக்கிறது.

2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு வந்தது. அதில் 'மடை திறந்து'. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு எஸ்.பி.பி. பாடிய பாட்டை வைத்துக் கட்டியது. மூலப் பாட்டு, வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசையமைப்பாளன் தான் ஜெயித்துவிட்டதாகக் காணும் கனவு. ராஜாவே ஒரு கணம் அதில் தலை காட்டுவார். யோகி பி செய்தது என்னவென்றால், அந்தக் கனவைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்து ரப்பர் மரங்களுக்கிடையே பிறந்து நகரத்துக்குத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்தார். பாட்டின் பொருளைப் புரிந்துகொண்டு எடுத்தவர் அவர். இங்கே சாம்பிள் ஓர் உரையாடல். தமிழில் ராப் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று நினைத்திருந்த எனக்கு, வல்லின மெல்லினங்கள் முரசோடு இப்படிச் சேருமா என்று அன்று ஆச்சரியம். குறையும் உண்டு. கொண்டாட்டம் கொஞ்சம் அதிகம்; பல்லவி வரும்போதெல்லாம் நம்மைக் கைதட்டச் சொல்லிக் கேட்கிறது. எங்கள் அரங்கத்தில் அதையும் நாற்பது விநாடிதான் போடுகிறார்கள், அதற்கு அது இடம் கொடுக்கிறது.

இடம் கொடுக்காத பாட்டு ஒன்று உண்டு. அதுவே என் கணக்கில் இந்த வகையில் ஆகச் சிறந்தது. எம்.ஐ.ஏ.வின் 'கலா' தொகுப்பின் (2007) முதல் பாட்டு, 'பாம்பூ பங்கா'. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்ட காலத்தில் மாதங்கி அருள்பிரகாசம் இந்தியா, டிரினிடாட் என்று அலைந்து பதிவுசெய்த தொகுப்பு அது. சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துச் செய்த 'பேர்ட் ஃப்ளூ'வும் அதிலேதான். அம்மாவின் பெயரைத் தலைப்பாக வைத்தார். 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' இருக்கிறது. இருக்கிறது என்றால், கைக்கு அகப்படாமல் இருக்கிறது. ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, வாய் திறக்கிறோம், பாட முடியவில்லை. பொங்கல் விழாக்களில் ஆயிரம் முறை ஆடித் தீர்த்த அந்தப் பாட்டின் தாள ஓட்டத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, ரஜினியும் மம்மூட்டியும் தோளில் கைபோட்டு ஆடும் இடத்துக்கு நம்மைப் போகவிடாமல், ஏறக்குறைய ஐந்து நிமிடம் அந்தப் பெண் கார்க் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். உள்ளே உட்கார்ந்திருப்பது யார்? நான்தான். டொயோட்டாவில், கதவுகளைப் பூட்டிக்கொண்டு.

அந்தப் பாட்டை நண்பர்களில் பலருக்குப் பிடிக்காது. "ராஜாவைக் கெடுத்துட்டா" என்பார்கள். பிடிக்காததன் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது. அது நமக்கு அடையாளத்தைக் காட்டிவிட்டு அடுத்த நொடியே பறித்துக்கொள்கிறது. கண்டுபிடித்ததற்குப் பரிசு தருவதில்லை. இனி என்ன செய்வாய் என்று கேட்கிறது. கேட்பதைத் தவிர நமக்கு வேலை எதுவும் மிச்சம் இல்லை.

2009 பிப்ரவரி 8, கிராமி விழா. அதே தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஜே-ஸி, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் செய்த 'ஸ்வாகா லைக் அஸ்' மேடையேறியது. நடுவில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர். நாங்கள் நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தோம். "தமிழ்ப் பொண்ணு!" என்று கத்தினோம். அதே அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வாரங்களில் அவருடைய சொந்தங்கள் வன்னிக்குள் ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ, என்ன சொல்லுறா எண்டு கேட்பம்" என்றார்.

ஆனால் மகளின் வாக்கியத்துக்கு முழுதாகச் சரணடையவும் எனக்கு மனமில்லை. கண்டுபிடித்துக் கத்துவது அத்தனை மலிவான காரியமா? வந்த புதிதில், எட்டுக்கு எட்டு அடுக்ககத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டு கேசட்டுகளோடு இருந்தவனுக்கு, ஒரு கூட்டத்தில் முதல் மூன்று ஸ்வரத்திலேயே முந்நூறு பேர் ஒரே பாட்டை அடையாளம் காண்பது என்பது பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதைப் போல. பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளேன் ஐயா என்றோம். அதற்கு நாற்பது விநாடி போதும். வீடே இல்லாமல் போனவர்களுக்கு அது இன்னும் தேவை. இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிப்பா, ஆனா எத்தனை வருஷமா அட்டெண்டன்ஸே எடுத்துட்டு இருப்பீங்க? பாடம் எப்போ?" என்றாள்.

அவளுடைய தலைமுறைப் பாட்டுகளிலும் எனக்கு வழக்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த பிரியா ராகு, தன் அண்ணன் ஜாஃப்னா கோல்டோடு சேர்ந்து 2021இல் வெளியிட்ட 'டேம்ஷிஸ்தமில்' தொகுப்பை அவள்தான் தந்தாள். சோல் குரல், தேன் தடவிய சோகம். மாமல்லபுரத்துச் சறுக்குப்பலகைச் சிறுமியைப் பற்றிய ஆவணப்படத்தால் தூண்டப்பட்ட 'கமலி' அதில் உண்டு. கேட்க இதம். என் குறை, தமிழ் அங்கே வாசனைப் பொருளாக நின்றுவிடுகிறதோ என்பது. ஒரு வரி, ஒரு தாளத் துண்டு, ஒரு சாப்பாட்டுப் பெயர். மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்கு வாசனை, எனக்கு எங்க வீட்டு கிச்சன்" என்றாள். அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டு விழாவில் அவளுக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுக்க நான் இரண்டு வாரம் நாற்காலி அடுக்கும் வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் ஒரே ஒரு பாட்டைத்தான் போட்டாள். 'மடை திறந்து', 1980ஆம் வருட மூலம். ஆனால் பல்லவியைப் போடவில்லை. ஓர் இடையிசைத் துண்டை எடுத்து, அடியில் நாலு அடி முரசைக் கட்டி, சுழலவிட்டாள். முதல் நிமிடம் கூட்டம் சிரித்த முகத்தோடு காத்திருந்தது. மூன்றாவது நிமிடத்தில் பாதிப் பேர் காபி இருக்கும் பக்கம் நகர்ந்தார்கள். குழந்தைகள் சிலர் ஆடினார்கள், அவர்களுக்கு எதற்கும் ஆட வரும். பெரியவர்களில் ஒரு ஆறு பேர் நின்றோம். அதில் ஒரு பெரியம்மா, மகன் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருப்பவர், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கண்ணை மூடி, வலது காலை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வயலின்கள் ஏழாவதோ எட்டாவதோ முறை திரும்பி வந்தபோது, அவற்றுக்கு அடியில் பேஸ் தனியாக வேறொரு ராகம் பாடிக்கொண்டிருப்பதை, நாற்பத்தைந்து வருடப் பழக்கத்துக்குப் பிறகு, முதல் முறையாகக் கேட்டேன்.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலிருந்து தொகுப்பாளர் கையசைத்தார். "அடுத்த பாட்டு போடும்மா!"